நிமிராத தலைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்களுக்கு ஆட்டக் கோட்பாடு என்று ஒரு பாடம். பெயரைக் கேட்டுவிட்டு, ஏதோ கேரம் போர்டு சமாச்சாரம் என்று நினைத்தான் என் தம்பி. உண்மையில், எதிராளி என்ன நினைப்பான், நாம் என்ன நினைப்போம் என்று அவன் நினைப்பான் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கணக்கு அது.

அந்தப் பருவத்தில் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை. அதில் இன்டர்னல் தேர்வைக் கோட்டைவிட்டேன். எனக்கே உடம்புக்கு வந்திருந்தால் மறுதேர்வு உண்டாம், அம்மாவுக்கு வந்தால் கிடையாதாம்! இன்னும் ஐந்து மார்க் இருந்தால்தான் செமஸ்டர் எழுத முடியும் என்ற நிலை. எல்லோருடைய மார்க்கையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். வகுப்பே பார்த்தது, ஆனால் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதில் கோபம்கூட.

"இந்த வருசம் போச்சுன்னா படிப்ப விட்டுடும்மா. வர்ற வரன பார்த்து முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார் அப்பா.

மறுவாரம் பேராசிரியை வகுப்புக்குள் வந்ததுமே, எல்லோரையும் பெஞ்சில் தலை கவிழ்ந்து கண்ணை மூடச் சொன்னார்.

"யாரும் பேசக் கூடாது. கை தூக்கறவங்களுக்கு ஆறு மார்க், தூக்காதவங்களுக்கு ரெண்டு. நெஜமாவே இன்டர்னல்ல போடுவேன். ஆனா ரெண்டாவதா ஒரு கை தெரிஞ்சாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடையாது."

ஒரே ஒருவர் தூக்கினால் ஆட்டம் நிலைத்துவிடும், அதற்குமேல் முடிவை மாற்றி யாருக்கும் லாபமில்லை, அது பாடத்தில் படித்ததுதான். அந்த ஒருவர் யார் என்பதைத்தான் எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஆறு மார்க் யாருக்குக் கசக்கும்? நான் தூக்கி, இன்னொருவரும் தூக்கிவிட்டால், எல்லோருடைய இரண்டு மார்க்கும் என்னால் போகும். ஆனால் தூக்காவிட்டால் என் வருடம் போகும். கையைத் தூக்கினேன்.

பிறகு பேராசிரியை, "சரி, நிமிருங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நிமிர்ந்தேன். கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை. வகுப்பில் தூக்கியிருந்தது என் கை ஒன்றுதான். நிமிர்ந்திருந்தது என் தலை ஒன்றுதான்! அத்தனை பேரும் பெஞ்சில் அப்படியே கவிழ்ந்திருந்தார்கள். முன்கூட்டிப் பேசி வைக்க வழியே இல்லை, ஆட்டத்தையே அப்போதுதான் சொன்னார். அது யார் கையாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பார்த்து என்னைக் கூச வைக்க வேண்டாம் என்றும் ஆளாளுக்குத் தோன்றியிருக்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தியின் குரல் வந்தது. "எறக்கிட்டியாடி? கழுத்து வலிக்குது எங்களுக்கு."

வகுப்பே சிரித்துக்கொண்டு நிமிர்ந்தது. நான் மட்டும் விசும்பி விசும்பி அழுதேன்.

"வருசா வருசம் நாலஞ்சு பேர் கை தூக்குவாங்க. 'பாருங்க, எல்லாருக்கும் போச்சு'ன்னு சொல்லித்தான் அன்னிக்குப் பாடத்த ஆரம்பிப்பேன். இன்னிக்கு என்ன நடத்தறதுன்னே தெரியல" என்ற பேராசிரியை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

செமஸ்டர் எழுதினேன். அதே ஆட்டத்தைப் பற்றிய கேள்வியே வந்தது. 'கை தூக்கும் அந்த ஒருவர் யார் என்பதைக் கணிக்க இயலாது' என்று புத்தகத்தில் உள்ளபடியே எழுதி முழு மார்க் வாங்கினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

அவரவர் லாபத்தைத்தான் அவரவர் பார்ப்பார்கள் என்று இப்போதும் யாராவது அடித்துச் சொன்னால் நான் வாதத்துக்குப் போவதில்லை. எனக்காகக் கவிழ்ந்தே கிடந்த அந்தத் தலைகள் கண்முன்னே வந்துவிடும்.