கல்யாண கேசட்டில் ஒரு குதிரைக்காரன்

போன குளிர்காலத்தில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் டிவிடிகளை இணையத்தில் வாங்கினேன். கறுப்பு வெள்ளை. குதிரை, துப்பாக்கி, தூசி. மொத்தம் முப்பத்தொன்பது கதைகள். நொய்டாவில் வீடியோ கோப்புகளின் தரத்தைச் சோதிப்பது என் வேலை என்பதால், வீட்டிலும் அதே வேலையா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். ஏறக்குறைய அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு கதை பார்த்து அட்டவணையில் குறித்துக்கொண்டு வந்தேன். ஆறு தோட்டா கொள்ளும் துப்பாக்கியில் மறுபடி நிரப்பாமல் சுட்டது அதிகபட்சம் எத்தனை முறை: பதினொன்று. சண்டையில் கதாநாயகனின் தொப்பி விழுந்தது: இரண்டு முறை. ஒரே பாறையை வெவ்வேறு ஊராகக் காட்டியது: எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பதினேழாவது கதை தொடங்கி அரை நிமிடத்தில் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்று புரிந்தது. அது எங்கள் அத்தையின் கல்யாண கேசட்டில் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, அம்மா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குடியிருப்பு. அப்பாவின் தங்கையான அத்தை நர்ஸ். கல்யாணமாகி ஃபரீதாபாத்தில் இருந்தவள், ஒரு நாள் டியூட்டி முடிந்து அங்கே போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் டியூட்டிப் பை மட்டும் இருந்தது. கொஞ்ச நாள் நம்மோடு இருப்பாள் என்று எனக்குச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்குப் பெரும்பாலும் இரவு டியூட்டி. காலையில் வந்து படுப்பாள். நாங்கள் எல்லோரும் வெளியே போகும் நேரம் அது. தூங்குகிறவளை எழுப்பித் தாழ்ப்பாள் போடச் சொல்ல வேண்டாமே என்று அம்மா முதல் நாள் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அத்தை அம்மாவின் கையிலிருந்து பூட்டை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணி, பூட்டாதீங்க. தொறந்தே கெடக்கட்டும்.”

“இது பாளையங்கோட்டன்னு நெனச்சியா? எவனாவது வந்து சிலிண்டரத் தூக்கிட்டுப் போயிருவான்.”

“போனா போட்டும். நாந்தான் உள்ள இருக்கேன்லா.”

அதன்பின் பூட்டும் சாவியும் உள்ளே அத்தையின் தலைமாட்டில் இருந்தன. அத்தைக்கு அது ஒரு விநோதப் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பகல் மூன்று மணிக்கு கேபிளில் ஒரு சானல் அந்தத் தொடரைக் காட்டும். அதே மூன்று மணிக்கு எனக்குக் கீழ்வீட்டில் ஹிந்தி டியூஷன். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டரைக்கு நான் பள்ளியிலிருந்து வந்ததும் அத்தை எழுந்து வி.சி.ஆரில் கேசட்டைப் போட்டு வைப்பாள். இசை தொடங்கும்போது நான் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்திவிட்டு, “ஜல்தி, ஜல்தி” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாடிப்படியில் ஓடுவேன். கதை முடிந்ததும் அத்தை நிறுத்திவிடுவாள். மாலையில் அவள் டியூட்டிக்குக் கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து பார்ப்போம். என்னிடம் இருந்தது ஒரே கேசட். நேற்றைய கதையின் மேல் இன்றைய கதை. எதுவும் ஒரு நாளுக்கு மேல் தங்காது.

அத்தைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் வசனத்தைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. அந்தக் குடிக்கிற கடைகளில் இரண்டு பக்கமும் ஆடும் அரைக்கதவு இருக்குமே, அதைக் காட்டி, “இந்தக் கதவுக்குத் தாப்பாளே கெடயாது பாத்தியா? யார் வேணும்னாலும் வரலாம், போகலாம்” என்பாள். எனக்குத் தோட்டாக் கணக்கு, அவளுக்குக் கதவு.

ஒரு வாரம் இரண்டு பாகமாக ஒரு கதை வந்தது. முதல் பாகத்தை அழிக்க எனக்கு மனமில்லை. புது கேசட் கேட்டால் அப்பா பரீட்சை முடியட்டும் என்பார். அத்தையிடம் முறையிட்டேன். மறுநாள் நான் வந்தபோது அவளே ஒரு கேசட்டோடு நின்றாள். பொன்னிற எழுத்தில் இரண்டு பெயர்களும் நடுவில் இரண்டு மோதிரங்களும். மேலே பதிய முடியாதபடி கல்யாண வீடியோக்காரர்கள் கேசட்டின் ஓரத்தில் ஒரு துண்டை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையை அடைத்தால் மறுபடி பதியலாம். அதன் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

“இது உங்க கல்யாண கேசட்ல்லா?”

“ஆமா. அழுத்து. பாட்டு ஆரம்பிச்சிட்டு பாரு.”

நான் அழுத்திவிட்டு ஓடினேன். மாலையில், கதை தொடங்கும் இடத்துக்கு அத்தையே டேப்பைச் சுற்றி வைத்திருந்தாள். பார்த்தோம். பிறகு அது அலமாரிக்குப் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு விருந்தாளிகள் வந்தார்கள். அத்தையின் கணவரான மாமா, ஊரிலிருந்து வந்திருந்த மாமாவின் அம்மா, எங்கள் சபை போதகர். அம்மா கேக் வெட்டி வைத்தாள். அத்தையைத் திரும்ப அனுப்புவதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்திருந்தது. போதகர் ஜெபம் செய்தார். பிறகு யாருக்கும் பேச்சு எழவில்லை. மாமா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அடுக்களை வாசலில் நின்றாள்.

மாமாவின் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். “கல்யாண கேசட்டு இருக்குல்லா? அதப் போடுங்க தம்பி. கர்த்தர் சமூகத்துல என்ன சொல்லிட்டு வந்தோம்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரட்டும்.”

போதகருக்கு அது பிடித்துவிட்டது. “நல்ல யோசனைம்மா” என்றார். அப்பா அலமாரியைத் திறந்தார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

முதலில் எல்லாம் சரியாகவே போனது. ஊர்ச் சபையின் கோபுரம். பாமாலை. வெள்ளைப் புடவையும் முக்காடும் பூங்கொத்துமாக அத்தை நடந்து வந்தாள். மாமாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர்ப் போதகர் மாமாவிடம் சம்மதம் கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். போதகர் அத்தையின் பக்கம் திரும்பி அவளிடம் கேட்டார். அத்தை தலையை நிமிர்த்தினாள். படம் ஒரு துள்ளு துள்ளியது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய பொட்டல்வெளி. இசை முழங்க ஒருவன் குதிரையில் வந்துகொண்டிருந்தான்.



“இது யாரு?” என்றார் மாமாவின் அம்மா. அவருக்குத் தெரியாத உறவுக்காரர்களில் ஒருவன் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்பா ரிமோட்டை அழுத்தி முன்னே ஓட்டினார். குதிரைகள் வேகமாக ஓடின. ஆட்கள் வேகமாகச் சுட்டுக்கொண்டு வேகமாகச் செத்தார்கள். கடைசியில் வண்ணம் திரும்பியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ பிரியாணி பரிமாறினார். தாலி கட்டியது, மோதிரம் போட்டது, பதிவேட்டில் கையெழுத்திட்டது எதுவும் இல்லை.

“ஏட்டி, இது உன் வேலையா?” என்றாள் அம்மா.

அப்போது அத்தை அடுக்களை வாசலை விட்டு உள்ளே வந்தாள். “அவள ஏன் கேக்கீங்க? நாந்தான் அழிச்சேன். தெரிஞ்சுதான் அழிச்சேன்.”

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மாமா முதல்முறையாக ஷூவிலிருந்து கண்ணை எடுத்தார். போதகர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

எனக்காக அத்தை பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கேசட் கேட்டது நான். பட்டனை அழுத்தியது நான். நான் எழுந்து நின்றேன்.

“இல்ல, அத்தை பொய் சொல்றாங்க. நான்தான் அழுத்தினேன். குதிரைப் படம் வேணும்னு நான்தான் கேட்டேன்.”

ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு போதகர் சிரித்தார். மாமா சிரித்தார். அப்பா மூச்சு விட்டார். மாமாவின் அம்மா என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, பிள்ளைக்கு அடி விழுந்துரக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டா எம் மருமவ. இவ மனசு தெரியாமத்தான் இத்தன நாளும் பேசிக்கிட்டுக் கெடந்தோம்.”

“இல்ல அத்தை, நான் சொல்லுதது...” என்றாள் அத்தை தன் மாமியாரிடம்.

“சரி விடு பிள்ள,” என்றார் அப்பா. “அவள அடிக்க மாட்டேன்.”

“அண்ணே, நான் அதச் சொல்லல.”

“அதான் விடுன்னு சொல்லுதேன்லா.”

போதகர் என் தலையில் கை வைத்து, உண்மையைப் பேசும் பிள்ளையை ஆண்டவர் உயர்த்துவார் என்றார். மாமா கேசட்டைப் பின்னே ஓட்டச் சொன்னார். எல்லோருமாகக் குதிரைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்றார் மாமா. இரண்டாவது துண்டு கேக்கும் எடுத்துக்கொண்டார். புதன்கிழமை வந்து அழைத்துப் போவதாகப் பேசி முடித்தார்கள். அத்தை தட்டுகளை அடுக்கி உள்ளே எடுத்துப் போனாள்.

புதன்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “அத்தை, உங்க மேல பழி வராம நான் பாத்துக்கிட்டேன்ல?” என்று கேட்டேன்.

“ஆமா பிள்ள” என்றாள். நான் கையில் எடுத்துக் கொடுத்த புடவையை வாங்கி, அதையும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஒன்பது வருடம் கழித்துத்தான் அத்தை ஃபரீதாபாத் வீட்டை விட்டு வந்தாள். இப்போது ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். மாமா வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார் என்பதை அம்மா எனக்குச் சொன்னது, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு.

பதினேழாவது கதையைப் பார்த்த அன்று இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதினேன். ஒன்று, நான் வரும் முன்பே செல்லோடேப் ஒட்டியிருந்தது. இரண்டு, கேசட் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் பதியும். புதிதாகப் போட்ட கல்யாண கேசட் என்றால் தொடக்கத்தில், கோபுரத்தில் நின்றிருக்க வேண்டும். அது நின்றது, அத்தை வாய் திறப்பதற்கு முந்தைய நொடியில். யாராவது அதுவரை ஓட்டிப் பார்த்து அங்கே நிறுத்தியிருந்தால் தவிர அப்படி அமையாது. பகலில் வீட்டில் இருந்தது ஒருத்திதான்.

அவள் சம்மதமில்லை என்று சொல்ல எடுத்துக்கொண்ட வழி அது. ஒரு முறை டேப்பில் சொன்னாள், ஒரு முறை வாயால் சொன்னாள்.

அத்தை போனதற்கு அடுத்த ஞாயிறு, சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, இந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னதால் ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்றார். எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நானும் சேர்ந்து தட்டினேன்.