படங்குக்குக் கீழே

என் இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று யாழ்ப்பாணத்து டாக்டர் சொன்னபோது என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ எரிச்சல்தான் வந்தது. இருதய வருத்தம் என்றால் ஊரில் வாய்விட்டுச் சொல்லலாம். நாலு பேர் தோடம்பழத்தோடு வந்து பார்ப்பார்கள். இது பதட்டத்தால் வரும் மூச்சுத்திணறலாம். நெடுந்தீவில் படகு என்பது மற்ற ஊர்களில் பஸ் மாதிரி. படகில் ஏறினால் மூச்சு வருவதில்லை என்று இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்வது?

தண்ணீரைக் கண்டு எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் படங்குக்குத்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில், அலை உள்ளே அடிக்காமல் இருக்கப் படகின் இரண்டு பக்கமும் அந்தத் தடித்த தார்ப்பாய்ச் சீலையை இறக்கி, வெளியிலிருந்து கயிற்றால் கட்டிவிடுவார்கள். ஆண்கள் மேல்தட்டில் காற்று வாங்குவார்கள். பெண்களும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு கீழே. ஒருமுறை அந்த நீல இருட்டுக்குள் என் நெஞ்சு இறுகி, விரல்கள் மரத்து, இதோ சாகப்போகிறேன் என்று நினைத்தேன். சாகவில்லை. ஆனால் அந்த டாக்டரிடம் போய் வந்ததோடு படகேறுவதை நிறுத்திவிட்டேன்.

அக்கரையில் கல்யாணவீடு, செத்தவீடு எதற்கும் போகாமலிருக்க என் மாடுகள்தான் சாட்டு. ஒன்று கன்று போடப்போகும், இன்னொன்று தீன் எடுக்காது. "அவவுக்கு மாடுகள்தான் பிள்ளையள்" என்று ஊர் சொன்னது. நான் மறுத்துப் பேசவில்லை. தீவுக்குள் இருந்தால் நிம்மதி என்று பார்த்தால் அதுவும் இல்லை. சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தினால் நெஞ்சு பிடித்தது. கோயில் சனத்துக்குள் நின்றால் பிடித்தது. கடைசியில் வீட்டு முற்றமும் மாட்டுப் பட்டியும்தான் எனக்கு மிஞ்சின.

அப்படி இருக்கும்போதுதான் மகளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. காற்றுக் காலத்தில் படகு ஓடாமலும் போகலாம், முன்கூட்டியே யாழ்ப்பாணத்துக்குப் போய் நில்லுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்களாம். அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"நீங்கள் வருவியள்தானே, அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம், வராமல்?" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகிற அன்று காலை, படகுக்காரத் தம்பியிடம் மேலே இருக்கட்டுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். "இந்தக் காத்தில பொம்பிளையளை மேல விடேலாது, அம்மா" என்றான். கீழே இறங்கினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் படங்கு இறங்கியது. கயிற்றை இறுக்கிக் கட்டும் சத்தம் என் கழுத்தில் கேட்டது.

மூச்சை மெதுவாக ஆழமாக இழுத்தால் எல்லாம் லேசாகிவிடும் என்று சொல்லியிருந்தார் டாக்டர். அவர் அந்தப் படகுக்குள் ஒருநாளும் இருந்திருக்கமாட்டார். ஆழமாக இழுத்தால் டீசல் புகைதான் வந்தது. நெஞ்சுக்குமேல் யாரோ உரலைத் தூக்கி வைத்தது போலிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினேன். கைவிரல்கள் கோணிக்கொண்டன.

எதிரே இருந்த அக்காதான் முதலில் கண்டாள். "ஐயோ, இவவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லை. சத்தி வரப்போகுது, நடுவில படுக்க வையுங்கோ!"

எங்கள் படகுகளில் அது பழக்கம். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுப்பவரை ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். அலையைப் பார்க்காமலிருக்க முகத்தை மூடுவார்கள். புளிப்பு மணத்துக்கு மூக்கில் தேசிக்காயை வைப்பார்கள். நானே எத்தனை பேரை அப்படிப் படுக்கவைத்திருக்கிறேன்! இப்போது நாலைந்து கைகள் என்னைப் பிடித்துச் சரித்தன. யாரோ தன் சேலைத்தலைப்பால் என் முகத்தை மூடினாள். யாரோ காலை அமத்திப் பிடித்தாள். எல்லாம் அன்புதான். அந்த அன்புக்குள் நான் செத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட என்னிடம் காற்று இல்லை. துணியைத் தட்டிவிடக் கையை உயர்த்தினேன். "பயப்படாதேங்கோ" என்று அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"மூடாதேங்கோ, அக்கா! எடுங்கோ!" என்று மகளின் குரல் கேட்டது. "அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளும். படங்கு கட்டினால்தான் மூச்செடுக்க ஏலாது. அவவுக்குப் பயம்."

துணி விலகியது. அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள். இத்தனை காலம் மாடுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை ஒரே வார்த்தையில் ஊருக்கு விரித்துப் போட்டுவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் அவளை ஒரு அறை அறையவேண்டும் போல் இருந்தது.

அவள் படங்கைத் தட்டி, வெளியே நின்ற தம்பியைக் கூப்பிட்டாள். "இந்தப் பக்கம் ஒரு கட்டை அவிழ்த்துவிடுங்கோ."

"அவிட்டால் தண்ணி அடிக்கும், தங்கச்சி. எல்லாரும் நனைவினம்."

உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி அரிசி மாவை மடியில் வைத்திருந்தாள். இன்னொருத்தி கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு இருந்தாள். எதிரே இருந்த அந்த அக்காதான், "ஒரு கட்டைத்தானே கேக்கிறா, அவிட்டுவிடு தம்பி" என்று சத்தம் போட்டாள். மூலையில் ஒரு கை அகலத்துக்குச் சீலை விலகியது. மகள் என்னை நிமிர்த்தி அந்த இடைவெளியில் முகத்தை வைத்தாள். அலை பளாரென்று அடித்தது. வாயெல்லாம் உப்பு.

டாக்டர் சொன்ன மாதிரி உடனே எல்லாம் லேசாகிவிடவில்லை. நெஞ்சு அப்படியேதான் இறுகிக் கிடந்தது. ஒரு துளி காற்று உள்ளே போனது, பிறகு இன்னொன்று. மகள் என் கையை விடவேயில்லை. எனக்காகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவளுடைய நகங்கள் என் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

"என்ன பிள்ளை, வயித்துக்க குத்துதோ?" என்றேன்.

"இல்லை." என் காதுக்குள் குனிந்தாள். "எனக்கும் பயமாக் கிடக்கு, அம்மா. பிள்ளை பெறுறதை நினைச்சால் இரவில நித்திரை இல்லை. அந்த அறையைப் பூட்டிப்போடுவினம். சன்னலும் இராது. நீங்கள் உள்ளுக்கு நிப்பியளோ?"

ஈரம் வடிய வடிய அவள் முகத்தைப் பார்த்தேன். குசினிக் கதவையே சாத்த முடியாதவள் நான்.

"நிப்பன்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.