நைலான் நரம்பும் என் இடது காலும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவன் எழுத வந்தது அதிகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருக்கும். ஆரணியில் எங்கள் தெருக்கோடி கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு முகாம் போட்டார்கள். ஏதோ ஆராய்ச்சியாம், காலைப் பார்ப்பார்களாம், காசு வேண்டாமாம். அங்கேயே எனக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய சந்தேகம், மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி. தறியில் ஏற்றப் பாவு நூலும் பட்டும் கொடுத்து என்னைக் கூலிக்கு நெய்ய வைத்தவர் அவர். என் கால் மரத்துப்போனது தெரிந்தால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஆமாம், மரத்துத்தான் போயிருந்தது. இடது கால் செருப்பு கழன்றால் பத்தடி தாண்டித்தான் தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்னியவா பொண்ணு பாக்க வந்துகீறாங்க? தலையத் தொங்கப் போட்டுகினு வர்றியே. ஜல்தி நட."

தாளில் பெயருக்குப் பதில் ஒரு எண் போட்டார்கள். "உங்க பேரு யாருக்கும் போகாதுங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. திரும்பிப் பார்த்தேன். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

படுக்க வைத்து, தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் துண்டை எடுத்தார். அது வளையும் வரை உள்ளங்காலில் அழுத்துவார். பட்டது தெரிந்தால் 'ஆங்' சொல்ல வேண்டும்.

"கண்ண மூடிக்கங்க ஐயா."

வலது காலில் நன்றாகத் தெரிந்தது. அவர் கை ஒரே சீராக வந்தது. அழுத்துவது, எடுப்பது, அழுத்துவது, எடுப்பது. முப்பது வருடம் தறியில் மிதிக்கட்டை மிதித்தவனுக்கு அந்தத் தாளம் பிடிபட எவ்வளவு நேரமாகும்? இடது காலில் ஒன்றுமே தெரியவில்லை. மிதி மாற்றுகிற கணக்கில் 'ஆங்', 'ஆங்' என்று சொல்லிக்கொண்டே போனேன். ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு ஆங் சொல்லிகினு கீற? அந்தம்மா கைய எடுத்து எவ்ளோ நேரமாச்சு!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இடது காலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். பெருவிரலுக்கு அடியில் மிதிக்கட்டையின் மூங்கில் சிராய் ஏறி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

"எத்தன நாளா இருக்கு?"

"தெரியலீங்க."

"இன்னும் விட்டீங்கன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். நாளைக்கே வேலூர் போங்க. இனிமே தறியிலயும் செருப்பு போட்டுக்கங்க."

தறிக்குழியில் செருப்போடு இறங்குவதா? சாமி அறைக்குள் போகிற மாதிரி அல்லவா நாங்கள் இறங்குவோம். எழுந்து வெளியே வந்தேன்.

வாசலில் முதலாளி கேட்டார். "இன்னாபா, கால் எப்படி கீது?"

"நல்லாகீதுங்க."

"இன்னா நல்லாகீது?" மனைவி அழ ஆரம்பித்தாள். "வெரலே போயிடும்ன்றாங்க மொதலாளி. குத்துனதுகூடத் தெரியல இந்தாளுக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

மறுநாள் வேலூரில் சிராயை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். விரல் தப்பியது. சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது, எனக்கு வரவேண்டிய பாவு எதிர்வீட்டுக்குப் போயிருந்தது.