பில்லருக்கு உடைத்த தேங்காய்

திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் நான் நிறுத்திய கேபிள் பில்லருக்கு ஜனங்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முதல் தேங்காய் நான் உடைத்தது. இதைச் சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாதி வரைக்கும் நானும் சிரித்தவன்தான்.

1. பெட்டி வந்தது

இரண்டாவது உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தபாலாபீசின் பின்னறையில் சின்னதாக ஒரு டெலிபோன் போர்டு. ஊரில் போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் கம்பத்தில் போகிற கம்பி லைன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்தால் அடிவாரத்தில் ஏதாவது ஒரு கம்பி அறுந்தே தீரும். அதனால் தபாலாபீசிலிருந்து அடிவாரம் வரை பூமிக்கடியில் கேபிள் போட்டு, அங்கே ஒரு பில்லர் நிறுத்துவதென்று மேலிடத்தில் முடிவானது. சென்னையில் பெரியதாக வேறு வைத்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய பெட்டி ஒன்று எங்களுக்கு வந்தது.

பில்லர் என்பது மார்பு உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி. கீழே சிமென்ட் மேடை, மேடைக்கடியில் குழி. தபாலாபீஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கேபிள் அந்தக் குழி வழியாக உள்ளே ஏறும். அடுத்த பக்கம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகிற ஒயர்கள். நடுவில் ஜம்பர் ஒயர் போட்டு யாருக்கு வேண்டுமோ அவருக்கு லைன் கொடுக்கலாம். தெருவைத் தோண்ட வேண்டாம், கம்பம் ஏற வேண்டாம். திருத்தணிக்கு அது புதுசு. கேபிளோடு கேபிளைச் சேர்க்கிற ஜாயின்டர் நான். உடன் வேலை பார்த்தவன் ரஹீம், அரக்கோணத்துக்காரன், என் வயசுதான், என்னை விட நன்றாகப் பேசுவான்.

அந்தக் காலத்துக் கேபிளில் ஒவ்வொரு செம்புக் கம்பிக்கும் மேலே வெறும் காகிதம்தான் சுற்றியிருக்கும். வெளியே ஈய உறை. காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், கேபிள் காலி. அதனால் இரண்டு கேபிளைச் சேர்த்த இடத்தில் ஈயக் குழாயைப் போட்டு, ஈயமும் வெள்ளீயமும் உருக்கி ஊற்றி, சூட்டோடு துணியால் தடவி மூடுவோம். யுத்தத்தால் வெள்ளீயம் கிடைக்கவில்லை. பில்லர் குழியில் இருந்த ஜாயின்ட்டுக்கு வந்து சேரவேயில்லை.

எங்கள் டெலிபோன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். "வெள்ளீயம் வர்ற வரிக்கும் மெழுகுத் துணி சுத்தி டேப்பு போட்டு வை. கிருத்திகைக்கு முன்னாடி ஹெல்த் கேம்ப்புக்கு லைன் குடுத்தாவணும். கலெக்டர் ஆபீஸ் உத்தரவு" என்றார்.

அதில் தப்பில்லை. குழி மூடியிருக்கும், மழைக்காலமும் இன்னும் வரவில்லை. மெழுகுத் துணி ஒரு மாசம் தாங்கும். எதைத் தாங்காது என்று யோசிக்க வேண்டியவன் நான்.

2. பொட்டு

எங்கள் இலாகாவில் எந்தப் புது சாமானை ஓட விட்டாலும் சந்தனம், குங்குமம், ஒரு தேங்காய் உண்டு. போர்டுக்கும் உண்டு, பாட்டரி அறைக்கும் உண்டு, லாரிக்கும் உண்டு. எல்லாம் சுவருக்குள்ளே நடக்கிற காரியம். பில்லருக்கும் செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன்.

"செய்யி. ஆனா தேங்கா நான் வாங்கியாறேன்" என்றான் ரஹீம். "ஒனக்குத் தட்டிப் பாக்கத் தெரியாது. போன தபா அழுகலு வாங்கிகினு வந்த."

நல்ல தேங்காயாகத்தான் கொண்டுவந்தான். பெட்டிக் கதவில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். மேடை மேல் தேங்காயை உடைத்தேன். தண்ணீர் மேடையில் ஓடி, கேபிள் ஏறுகிற சந்துப் பக்கம் போனது. கண்ணால் பார்த்தேன். ஒரு கைப்பிடித் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

மலையடிவாரம், ஆடி மாசம், மேடை மேல் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு விபூதிப் பட்டை. அப்புறம் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க பெரிய மூளை வேண்டியதில்லை. மறுநாளே ஒரு செம்பருத்தி மாலை. அதற்கடுத்த நாள் அகல் விளக்கு. கூட்டம் சேரச் சேர தேங்காய், கற்பூரம், பால் சொம்பு. காவடி தூக்கி வந்தவர்கள் மலையேறும் முன் இங்கே நின்று ஒரு அரோகரா போட்டுவிட்டுப் போனார்கள்.

"இன்னாபா, ஒன் சாமி முருகனுக்கே போட்டிக்கு வந்துடும் போலக் கீதே" என்று ரஹீம் கிண்டல் செய்தான்.

சிரித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நாங்கள் செய்யும் வேலையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் நிறுத்திய பெட்டிக்கு மாலை விழுகிறதென்றால் சும்மாவா. "இங்க ஒடைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

3. "இதோ ஆச்சு சார்"

கிருத்திகைக்கு முந்தின நாள் கேம்ப்பில் காலரா கேஸ் வர ஆரம்பித்தது. பொய்கைக் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரு டாக்டர், இரண்டு கம்பவுண்டர்கள். கிருத்திகை அன்று விடிகாலையில் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளி ஒருவரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட வந்தவள் அவர் மனைவி முனியம்மா. இருபத்தைந்து வயசு இருக்கும். அவர் கண் உள்ளே போய், கை விரல் சுருங்கிக் கிடந்தது. கேம்ப்பில் இருந்த சலைன் பாட்டில் எல்லாம் அந்த ராத்திரியோடு தீர்ந்துவிட்டது.

டாக்டர் அவளிடம், "பயப்படாதேம்மா. அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போன்ல சொல்றேன், அடுத்த ரயில்ல மருந்து வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். போன் செத்துக் கிடந்தது.

எனக்கு ஆள் வந்தது. நான் ஓடினேன். டாக்டர் நல்ல மனுஷர், கத்தவில்லை. "என்னப்பா, எவ்வளவு நேரமாகும்? நேரமாகும்னா சொல்லு, தபாலாபீசுக்கு ஆள் அனுப்பி அங்கேயிருந்து பேசச் சொல்றேன்" என்றார்.

தபாலாபீசிலிருந்து அரக்கோணம் லைன் நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனாலும் அரை மணியில் ஒரு ஆள் போய்ச் சொல்லியிருப்பான். ஆனால் கிருத்திகை அன்று, அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், என் புதுப் பில்லரைத் தாண்டி ஒரு ஆள் சீட்டை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடுவதா. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வேறு வருகிறார்.

"வேணாம் சார். இதோ ஆச்சு சார்" என்றேன்.

லைன் செத்தால் முதலில் பில்லரைத் திறந்து, ஜம்பரைக் கழற்றி, கோளாறு எக்ஸ்சேஞ்ச் பக்கமா, போன் பக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இது வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம். நான் அதைச் செய்யவில்லை. பில்லரைச் சுற்றிப் பெண்கள் நின்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக் கதவைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. அதோடு, நான் செய்த வேலையில் கோளாறு இருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பில்லரிலிருந்து கேம்ப்புக்குக் கம்பத்தில் இழுத்த கம்பியில் காவடிக் கொம்பு மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறினேன். கேம்ப் போனைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டரியை மாற்றினேன்.

டாக்டர் மறுபடி வந்தார். "ஆள் அனுப்பட்டுமா?"

"ரெண்டே நிமிஷம் சார்."

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. ரஹீம்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பினான். "பில்லர்ல இன்னும் பாக்கல நீ. இன்னாத்துக்குக் கம்பத்துலயே தொங்கிகினு கீற? நான் தபாலாபீஸ் போறேன்" என்றான். என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

அவன் போய்ச் சேர்ந்து, போன் பேசி முடித்தபோது அரக்கோணத்திலிருந்து காலை ரயில் கிளம்பிவிட்டது. மருந்து மத்தியான ரயிலில் வந்தது. அந்த நெசவாளி அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

4. பொரிந்த காகிதம்

நான் பில்லரைத் திறந்தது அதற்கப்புறம். குழியை மூடியிருந்த பலகையைத் தூக்கியதும் புளித்த நாற்றம் அடித்தது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர், பாலும் இளநீரும் கலந்து நுரைத்துக் கிடந்தது. மெழுகுத் துணி ஊறிப் போயிருந்தது. ஜாயின்ட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிள்ளிக் காய்ச்சிய மெழுகில் போட்டேன். ஈரமில்லாத காகிதம் சும்மா கிடக்கும். இது அப்பளம் மாதிரிப் பொரிந்தது.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பொட்டையும் பார்த்தார், குழியையும் பார்த்தார். "நீயா வெச்ச?" என்றார். "ஆங்" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மொதல்ல அதக் கழுவு" என்று சொல்லிவிட்டுக் கேம்ப் பக்கம் போனார்.

பட்டப்பகலில், அத்தனை ஜனமும் பார்க்க, மண்ணெண்ணெய்த் துணியால் என் கையால் வைத்த விபூதியையும் குங்குமத்தையும் தேய்த்தேன். இரண்டு பேர் அபசாரம் என்றார்கள். ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். ரஹீம் கிட்டே வரவில்லை. அவன் இந்த நேரத்தில் பெட்டியைத் தொட்டால் வேறு பேச்சாகிவிடும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூரத்தில் நின்று ஜனத்தைத் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் முனியம்மா வந்தாள். வண்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், ஊருக்கு எடுத்துப் போக. அவள் அழுது முடித்திருந்தாள் போல. மேடையோரம் நின்று நான் தேய்ப்பதைப் பார்த்தாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் வழக்கமாகப் பேசுகிற மாதிரிப் பேசிவிட்டேன். "இது சாமி இல்லம்மா. டெலிபோன் பொட்டி. தெரியாம எல்லாரும் கும்பிட்டுகினு இருந்தாங்க."

"தெரியும்ணா" என்றாள். "டெலிபோனுன்னு தெரியும். டாக்டரு பேசுறது இதுல பூந்துதான் போவும்னு அங்க சொன்னாங்க. அதான் காலீல ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போனேன். பேச்சு நல்லபடியா போய்ச் சேரட்டும்னு."

நான் துணியைக் கீழே வைத்தேன். நான் எதற்காக உடைத்தேனோ அதற்காகத்தான் அவளும் உடைத்திருக்கிறாள். அவளை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். "நான் ஒடச்ச தண்ணிதான் உள்ள பூட்சாண்ணா?"

"இல்லம்மா. இது புளிச்ச தண்ணி, பல நாளா நின்ன தண்ணி. ஒன்னுது இல்ல. மொதல் தேங்கா நான் ஒடச்சேன். பொட்டும் நான்தான் வெச்சேன். அதப் பாத்துத்தான் எல்லாரும் ஒடச்சாங்க."

இதை என்னால் சொல்ல முடிந்தது. உண்மையும்கூட. அத்தோடு அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"டாக்டரு ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டுகினே இருந்தாரே. நான் அங்கதான் இருந்தேன். நீங்க வேணாம்னீங்க. அப்பவே ஆளு போயிருந்தா மருந்து வந்துருக்குமாண்ணா?"

ரயில் நேரம் எனக்குத் தெரியும். சலைன் வந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று நிச்சயமில்லை என்று டாக்டர் பின்னால் சொன்னார். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. மருந்து வந்திருக்குமா என்றுதான் கேட்டாள்.

"ஆங். வந்துருக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஏதாவது சொல்வாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். வண்டியிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் நின்ற நிலையில் இன்று வரை வேறு யார் முன்னாலும் நின்றதில்லை. எத்தனையோ மேலதிகாரிகள் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், ஒன்றும் உறைத்ததில்லை.

5. அதற்கப்புறம்

எனக்கு மெமோ வந்தது, இன்கிரிமென்ட் நின்றது. அது பெரிய விஷயமில்லை. வெள்ளீயம் வந்ததும் ஜாயின்ட்டை முறையாக மூடினோம். மேடையைச் சுற்றி வேலி போட்டோம். அடுத்த ஆடியில் வேலிக்கு வெளியே இரண்டு பேர் தேங்காய் உடைத்தார்கள். நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, அங்கே உடைக்க வேண்டாம், பேச்சு போகாது என்றேன். உடனே நகர்ந்துகொண்டார்கள். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்.

பூஜை செய்யாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நானும் என் கருவிகளுக்கு வீட்டில் பொட்டு வைக்கிறவன்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. கேபிள் செத்துப்போய், ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால், அவருக்கு உங்கள் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். அந்தக் கிருத்திகைக்குப் பிறகு, ரிடையர் ஆகிற வரைக்கும், கோளாறு கண்ணெதிரே தெரிந்தபோதுகூட நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "தெரியாதுங்க. நீங்க மொதல்ல ஆள அனுப்பிடுங்க."