இரண்டாவது கும்பிடு

1902 பிப்ரவரி 11, செவ்வாய். விருந்தினர் பங்களா குமாஸ்தாவான நான் வழக்கம்போல் தபாலைப் பிரித்துவிட்டு, வந்திருந்த துரைமாரை ஊரிகம் தங்கச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனேன். ரயிலடி வரவேற்பு, சுரங்கம், தேநீர் எல்லாம் ஒரே கட்டணம். தொழிலாளிகள் இறங்குமுன் கும்பிடுவதைப் பார்ப்பதையும் அதில் நான்தான் சேர்த்திருந்தேன்.

அன்று தாமதம், கும்பிடு முடிந்துவிட்டது. தினமும் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜின் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நரைமீசைக்காரரிடம், "இன்னொரு முறை கும்பிடுங்கள்" என்றேன்.

"இன்னா சார், ரெண்டாந்தபா கும்பிட்டா மொதல் கும்பிட்ட நம்பலன்னு ஆயிடாதா? சாமி கோச்சிக்கினா நீங்களா கீழ எறங்குவீங்க?"

மற்ற தொழிலாளிகள் சிரித்தார்கள். நான் மறுபடியும் கேட்டேன். அவர் கும்பிட்டார். பிறகு கேஜில் ஏறாமல், கூலியை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவர் வந்திருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். எல்லோரும் கும்பிடத் தொடங்கியதும் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை; அவர் வந்தாரா என்று தெரியாமலே திரும்பினேன்.