பொன்னுக்கு வீங்கிச் சங்கிலி

பழனிக்குத் தெற்கே மலைமேல் இருக்கிற போளூரில், கந்தம்மாளை ஊர் மலடி என்றது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளை வரம் கேட்டு இரண்டு முறை பழனிக்கு நடந்து முடி இறக்கியவள் அவள். புருஷன் மலைச்சாமியின் தலையில் ஒரு மயிர் குறையவில்லை!

1957இல் மாமியார் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்ததும், கந்தம்மாள் தனியாக வத்தலக்குண்டு லேடி டாக்டரிடம் போனாள். அவர் சோதித்துவிட்டுத் தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"இது கருப்பை. ரெண்டு பக்கமும் சினைப்பை. மாசம் ஒரு முட்டை அங்க முதிர்ந்து இந்தக் குழாய்க்குள்ள வரும். ஆம்பளையோட விந்தணு அதுல சேர்ந்தாத்தான் கரு. அது கருப்பையில ஒட்டி வளரும். உங்கிட்ட கோளாறு எதுவும் தெரியல. விந்தணு உண்டாகிறது விரையில. வீட்டுக்காரருக்கு வயசு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

கந்தம்மாளின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

"வந்துச்சுங்க. கீழயும் வீங்குச்சாம். இந்தத் தங்கச் சங்கிலியப் போட்டுவிட்டதும் வத்திருச்சுன்னு அத்தை சொல்லும்."

"வீக்கம் தானா வத்தும்மா. சில பேருக்கு விரை அதோட கெட்டுப்போகும். அவரக் கூட்டிட்டு வா, சோதிக்கணும்."

வீட்டில் சொன்னாள். "ஏலே மலைச்சாமி, கேட்டியா? ஆம்பளைக்குச் சோதனையாம்!" என்று மாமியார் சிரித்தாள். மலைச்சாமி சிரிக்கவில்லை, சோதனைக்கு வரவும் இல்லை. தை மாதம் அந்தச் சங்கிலி புதுப்பெண்டாட்டி வடிவின் கழுத்துக்குப் போனது. கந்தம்மாள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக் குடிசைக்குப் போனாள். விசேஷ வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அடைமழைக் காலத்தில் பேச ஆளில்லாமல் அடுப்போடு பேசினாள்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வடிவு வந்து நின்றாள். மொட்டைத் தலை.

"அக்கா, என்னையும் மலடிங்கிறாக."

பேச்சுத்துணைக்கு ஒருத்தி கிடைத்தாள், இவள் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று கந்தம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு குச்சியை எடுத்து, டாக்டர் போட்ட படத்தை மண்ணில் போட்டாள். சங்கிலிக் கதையையும் சொன்னாள்.

"தாலிய அறுத்துட்டு வேற ஆளக் கட்டுறது நம்ம சனத்துல உள்ளதுதான். நான் வயசப் போக்கிட்டேன். நீ வெரசா ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரு."

வடிவு சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். கந்தம்மாள் மறுபடி தனி.

மறுகல்யாணத்தில் வடிவுக்குப் பெண் பிறந்த செய்தி வந்தது. கந்தம்மாளுக்குச் சந்தோஷம்தான்; வயிறும் எரிந்தது. அழுது முடித்துவிட்டுப் பழனிக்கு நடந்தாள்.

"என்ன வேண்டுதல், ஆத்தா?" என்றார் முடி இறக்குகிறவர்.

"புள்ள வரம் கேட்டிருந்தேன். குடுத்துட்டான்."

"புள்ள எங்க?"

"வேற வீட்டுல இருக்கு" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.