டைனமோ பாடம்

விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நேற்றைய பாடத்துக்காக ஒரு மாணவி வீட்டிலிருந்த பழைய சைக்கிளை உருட்டி வந்தாள். சக்கரத்தில் டைனமோ உரசும் இரைச்சலைக் கேட்டதும் எனக்கு மறுபடி பதினொரு வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று காட்ட, ரீச்சர் தன் சைக்கிளை மேசையில் கவிழ்த்து வைத்தார். மாறி மாறிப் பெடலைச் சுற்றினோம். சைக்கிள் விளக்கு எரியவில்லை; புது பல்ப் போட்டும் எரியவில்லை. ரீச்சரின் முகம் வாடிப்போனது.

அப்பா சைக்கிள் திருத்துபவர் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். ஆனால் நாங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டாலே வகுப்பு சிரிக்கும். அன்று எப்படியோ எழுந்துவிட்டேன்.

"ரீச்சர், டைனமோ பூட்டின இடத்துல பெயின்ற் இருக்கு. அதைச் சுரண்டணும்ங்க."

"சுரண்டணும்ங்க!" என்று கடைசி வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்கிறதை விடுங்கோ" என்ற ரீச்சர் என்னிடம் கத்தியை நீட்டினார். "நீ வந்து சுரண்டு, பிள்ளை."

பெயின்ற் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. பெடலைச் சுற்றினார்கள். பல்ப் பளீரென்று எரிந்தது! சிரித்தவர்களே வாங்கில் ஏறி நின்று கத்தினார்கள்.

"ஏன் எரிஞ்சது எண்டு இவையளுக்கு நீயே சொல்லு" என்றார் ரீச்சர்.

"மின்சாரம் கம்பி வழியா பல்ப்புக்குப் போயி, இரும்பு வழியா டைனமோவுக்குத் திரும்பணும்ங்க. பெயின்ற் அதை மறிச்சிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "இன்னொருக்காச் சொல்லு, நான் எழுதோணும்."

நேற்று என் வகுப்பில் பெடல் சுற்ற நின்ற வரிசை வாசலைத் தாண்டியது. கடைசி மணி அடித்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.